டிமென்ஷியாவுல முடிவு எடுக்கறது யாரு, குளிப்பாட்டி விடறது யாரு

கேள்வி இதான்: டிமென்ஷியா, அதாவது மறதி நோய், எல்லாருக்கும் மூளையில வர்ற அதே நோய்தானே, அப்புறம் ஏன் ஒரு குடும்பம் கடைசி வரைக்கும் வீட்லயே வெச்சுப் பாத்துக்கறாங்க, இன்னொரு குடும்பம் சீக்கிரமே முதியோர் ஹோம்ல சேத்துடறாங்க, இன்னும் சிலர் டாக்டர்கிட்டயே போக மாட்டேங்கறாங்க, இதுல கலாச்சாரம் எவ்வளவு, வசதி எவ்வளவு? ரெண்டு வரியில முடியற விஷயம் இல்ல, அதனால நீளமாவே எழுதறேன். நான் பல வருஷமா ஒரு மெமரி கிளினிக்ல குடும்பங்களோட உக்காந்து பேசற வேலையில இருக்கேன், பல மொழிக்காரங்க, பல மதத்துக்காரங்க, நாடு விட்டு நாடு வந்தவங்க எல்லாரும் வர்ற இடம். வீட்லயும் என் மாமியாரை ஆறு வருஷம் பாத்துக்கிட்டேன், அதனால மேஜைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்த அனுபவம் உண்டு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு குடும்பம் எப்படி முடிவு எடுக்குதுன்னு புரியணும்னா அவங்க எந்த சமூகம்னு கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேக்கணும்: இந்த வீட்ல முடிவு எடுக்கறது யாரு, அந்த முடிவைத் தினமும் கையால செய்யறது யாரு. பெரும்பாலான வீட்ல இந்த ரெண்டும் ஒரே ஆள் கிடையாது. கலாச்சாரம்னு நாம சொல்றதுல பாதி அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு.

சரி, நோயோட பேர்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா எந்த வாசல்ல போய் நிக்கணும்னு சொல்றதே பேர்தான். டிமென்ஷியாங்கற வார்த்தையே லத்தீன்ல புத்தி விலகிப்போச்சுங்கற அர்த்தத்துல இருந்து வந்தது. ஜப்பான்ல ரொம்ப காலம் இதுக்கு 'சிஹோ'னு பேர், அதை எழுதற எழுத்துக்களுக்கே மடமை, மந்தம்னு அர்த்தம், அப்பாவுக்கு சிஹோன்னு வெளிய சொன்னா அப்பாவை முட்டாள்னு சொல்ற மாதிரி ஆயிடும். 2004-ல அரசாங்கமே அந்தப் பேரை எடுத்துட்டு 'நின்சிஷோ'னு, அதாவது அறியும் திறன்ல வர்ற நோய்னு மாத்தினாங்க. அடுத்த வருஷமே பேங்க்ல வேலை பாக்கறவங்க, கடைக்காரங்க, ஸ்கூல் பசங்கன்னு சாதாரண ஜனங்களுக்கு ஒண்ணரை மணி நேர வகுப்பு எடுத்து 'டிமென்ஷியா சப்போர்ட்டர்'னு ஆரஞ்சு கலர்ல ஒரு கைப்பட்டை குடுக்க ஆரம்பிச்சாங்க, இப்போ அந்தக் கணக்கு 1 கோடியைத் தாண்டிடுச்சு. பேர் மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லல. ஆனா பழைய பேரே இருந்திருந்தா அந்த வகுப்புக்கு இத்தனை பேர் வந்து உக்காந்திருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

பல மொழிகள்ல இதுக்குன்னு தனி வார்த்தையே புழக்கத்துல கிடையாது. பிரிட்டன்ல இருக்கற பஞ்சாபி, உருது பேசற குடும்பங்கள்கிட்ட இந்தப் பிரச்சனை பெருசா இருந்ததாலதான் பிராட்ஃபோர்ட் நகரத்துல 'மேரி யாதேன்', என் நினைவுகள்னு அர்த்தம், அந்தப் பேர்ல அவங்க மொழியிலயே பேசற ஒரு திட்டம் வந்துச்சு. தமிழ்லயும் மறதி நோய்னு எழுதறோம், ஆனா வீட்ல பேசறப்போ 'வயசானா இப்படித்தான்', 'குழந்தை மாதிரி ஆயிட்டாங்க', 'புத்தி பிசகிடுச்சு' இந்த மூணுல ஒண்ணுதான் வாய்ல வரும். வயசுன்னு பேர் வெச்சா டாக்டரே தேவையில்லை. புத்தி பிசகுன்னு வெச்சா வெளிய தெரியக்கூடாது, ஏன்னா பரம்பரையா வரும்னு பேசிடுவாங்க, பிள்ளைகளோட வாழ்க்கை கெட்டுடும்னு பயம். இந்தப் பயத்துக்கு மட்டும் நேரா ஒரு பதில் உண்டு: டிமென்ஷியாவுல ரொம்ப சகஜமான வகை அல்சைமர், அதுல ஒரே ஒரு ஜீன் மாறினதாலயே கண்டிப்பா வர்றது மொத்தத்துல 100-ல 1-க்கும் கம்மி, மத்ததெல்லாம் வயசு, ரத்தக்கொதிப்பு, சுகர், காது கேக்காம போறது, சில ஜீன்கள் கொஞ்சம் ஆபத்தைக் கூட்டறது இப்படிப் பல காரணம் கலந்து வர்றது.

சாபம், கர்மா, ஏதோ ஆவி, கடவுள் குடுத்த சோதனை, இப்படி நம்பறவங்களும் எல்லா நாட்லயும் எல்லா மதத்துலயும் இருக்காங்க. நான் ஆரம்பத்துல இவங்கள்ட்ட மூளை ஸ்கேனைக் காட்டி வாதாடுவேன், ஒருத்தர்கூட திரும்பி வந்ததில்ல. அப்புறம்தான் புத்தி வந்துச்சு. இப்போ பிரார்த்தனையை நிறுத்தச் சொல்றதே இல்ல, அதோட கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் பண்ணிடலாம்னு மட்டும் சொல்றேன், அவங்க மதிக்கற குருவோ பாஸ்டரோ இமாமோ ஒரு வார்த்தை சொன்னா நான் பத்து தடவை சொன்னதை விட அது போய்ச் சேரும். ஏன் அந்தப் பரிசோதனைக்கு இவ்வளவு அடம் பிடிக்கறேன்னா, டிமென்ஷியா மாதிரியே தெரியற சிலது சரி பண்ணக்கூடியது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரையோட பக்க விளைவு, எப்பவோ கீழ விழுந்ததுல மண்டைக்குள்ள மெதுவா கசிஞ்ச ரத்தம் இதெல்லாம். வயசுன்னு விட்டுட்டா இதுவும் சேர்ந்து போயிடும்.

அடுத்து டெஸ்ட். உலகம் பூரா பரவின 30 மார்க் நினைவாற்றல் பரிசோதனை ஒண்ணு உண்டு, 1975-ல அமெரிக்காவுல வந்தது. 100-ல இருந்து 7, 7-ஆ கழிச்சுக்கிட்டே வாங்க, ஒரு வாக்கியம் எழுதுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறின ரெண்டு ஐங்கோணத்தைப் பாத்து வரைங்க, இப்படிப் போகும். வாழ்நாள்ல பேனாவே பிடிக்காத ஒருத்தர்கிட்ட இதைக் குடுத்தா அவருக்கு நோய் இல்லன்னாலும் மார்க் குறையும், கல்லூரிப் பேராசிரியருக்கு நோய் ஆரம்பிச்சிருந்தாலும் மார்க் நல்லா வரும். இதுக்காகத்தான் பல நாட்டுக்காரங்க குடியேறின சிட்னியில ருடாஸ்னு ஒரு டெஸ்ட் பண்ணி 2004-ல வெளியிட்டாங்க, அதுல வண்டி நிறைய போற ரோட்டை எப்படிப் பத்திரமா தாண்டுவீங்கன்னு கேக்கறாங்க, பள்ளிக்கூடம் போகாதவரும் பதில் சொல்லலாம். அதே ஆஸ்திரேலியாவுல கிம்பர்லி பகுதிப் பழங்குடி மக்களுக்குன்னு அவங்களோட சேர்ந்தே கிகான்னு தனி டெஸ்ட் உருவாக்கினாங்க. உங்க வீட்டுப் பெரியவருக்கு எந்த டெஸ்ட் எடுத்தாங்க, அவரோட படிப்பைக் கணக்குல எடுத்தாங்களான்னு கேக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, கேளுங்க.

டெஸ்ட் சரியா இருந்தாலும் மொழிபெயர்க்கறவங்க யாருங்கறது முக்கியம். ஒரு தடவை ஒரு தாத்தாவுக்குக் கல்லூரி படிக்கற பேத்தி கூட வந்து மொழிபெயர்த்தாள். இது என்ன மாசம்னு டாக்டர் கேட்டார். தாத்தா யோசிச்சு ஒரு மாசம் சொன்னார், தப்பு. பேத்தி டாக்டர் பக்கம் திரும்பி சரியான மாசத்தைச் சொன்னாள். எங்க கிளினிக்ல தரையைத் துடைச்சுக்கிட்டிருந்த அக்காவுக்கு அந்த மொழி தெரியும், அவங்கதான் அப்புறம் வந்து என்கிட்ட சொன்னாங்க. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே வரல, தாத்தாவை வெளியாள் முன்னாடி விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு வளர்ந்த பொண்ணு அவள், அந்த நிமிஷத்துல அவள் பேத்தியாத்தான் இருந்தாள். தப்பு அவளை அந்த நாற்காலியில உக்கார வெச்ச எங்களோடது. குடும்பத்துல இருக்கறவங்களை, அதுவும் சின்னவங்களை, மொழிபெயர்க்க வைக்கவே கூடாது.

நோய் உறுதியான பிறகு அதை யார்கிட்ட சொல்றதுங்கறது அடுத்த முட்டுச்சந்து. சில சமூகங்கள்ல நோயாளிகிட்ட சொல்றதுதான் மரியாதை, சிலதுல சொல்லாம இருக்கறதுதான் அன்பு. 1995-ல லாஸ் ஏஞ்சலஸ்ல 65 வயசுக்கு மேல இருந்த 800 பேர்கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க, பரவின கேன்சர்னா நோயாளிகிட்ட சொல்லலாமான்னு கேள்வி. ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கள்ல 87 சதவீதம், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்ல 88 சதவீதம் சொல்லணும்னாங்க, மெக்சிக வம்சாவளியில 65, கொரிய வம்சாவளியில 47 சதவீதம்தான். கேன்சரைப் பத்தின ஆய்வுதான், ஆனா டிமென்ஷியாவுல இதே இழுபறியை நான் வாராவாரம் பாக்கறேன், மகன் கதவுக்கு வெளிய என்னை நிறுத்தி அப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிடுவார். ஆனா இந்தக் கணக்கையே திருப்பிப் பாருங்க, கொரியர்கள்ல 47 பேர் சொல்லணும்னுதானே சொல்றாங்க, அப்போ எதிர்ல உக்காந்திருக்கறவர் அந்த 47-ல ஒருத்தரா மத்த 53-ல ஒருத்தரான்னு அவரோட இனத்தை வெச்சு எப்படித் தெரியும்? அவரையேதான் கேக்கணும். டெஸ்டுக்கு முன்னாடியே கேட்டுடறது நல்லது: ஐயா, முடிவு வந்தா உங்ககிட்ட விவரமா சொல்லட்டுமா, இல்ல உங்க வீட்ல யார்கிட்டயாவது பேசிக்கட்டுமா, யார்கிட்ட? மகன்கிட்ட பேசிக்கோங்கன்னு அவர் சொன்னா அதுவும் அவர் எடுத்த முடிவுதான். பல பேர் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தற மாதிரி எனக்கே சொல்லிடுங்க, எனக்கு ஏதோ சரியில்லன்னு எனக்கே தெரியுதுன்னு சொல்வாங்க.

இப்போ எல்லாரும் கேக்கற வீடா ஹோமாங்கற விஷயத்துக்கு வரேன். 2021 கணக்குப்படி உலகத்துல 5.7 கோடி பேருக்கு டிமென்ஷியா, அதுல 60 சதவீதத்துக்கு மேல வருமானம் குறைவான, நடுத்தர நாடுகள்ல இருக்காங்க, அங்கெல்லாம் ஹோம்ங்கறது பெரும்பாலான ஜனங்களுக்கு எட்டாத விஷயம். அதனால 'எங்க கலாச்சாரத்துல வீட்லதான் பாத்துப்போம்'னு சொல்றப்போ அது விருப்பமா, வேற வழி இல்லாததான்னு பிரிச்சுப் பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி குடும்பத்துல பாத்துக்கறவங்க சராசரியா ஒரு நாளைக்கு 5 மணி நேரம் இதுக்காகக் குடுக்கறாங்க, மொத்தப் பராமரிப்பு நேரத்துல 70 சதவீதம் பெண்களோடது. 2019-ல டிமென்ஷியாவால உலகத்துக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர்னு கணக்குப் போட்டாங்க, அதுல பாதிக்குப் பாதி இப்படி வீட்ல சம்பளம் இல்லாம பாத்துக்கறவங்க உழைப்புக்குப் போட்ட விலைதான். அதனால 'நாங்க பாத்துக்கறோம்'னு ஒருத்தர் சொன்னா அந்த 'நாங்க'ங்கற வார்த்தையை நான் உடனே நம்பறதில்ல.

வசதியும் சட்டமும் கலாச்சாரத்தை எப்படித் திருப்புதுன்னு பாக்கணும்னா ஜப்பானையும் ஜெர்மனியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஜப்பான்ல மாமியார் மாமனாரைப் பாத்துக்க வேண்டியது மூத்த மகனோட மனைவிங்கறது எழுதாத சட்டம். 2000-த்துல நீண்டகாலப் பராமரிப்புக்குன்னு இன்சூரன்ஸ் கொண்டு வந்தப்போ குடும்பத்துக்குக் காசு குடுக்கலாமா, இல்ல ஆள் அனுப்பலாமான்னு பெரிய விவாதம் நடந்துச்சு. காசு குடுத்தா அது மருமகளை வீட்டோட கட்டிப் போடறதுக்கு குடுக்கற கூலியாயிடும், எங்களுக்குக் காசு வேண்டாம், ஆளும், பகல்ல மட்டும் கொண்டு விட்டுப் பாத்துக்கற டே கேரும் குடுங்கன்னு பெண்கள் அமைப்புகள் அழுத்திச் சொன்னாங்க, கடைசியில சேவை மட்டும்தான்னு முடிவாச்சு. ஜெர்மனியில 1995-ல வந்த இன்சூரன்ஸ்ல ரெண்டுமே உண்டு, சேவையா வாங்கிக்கலாம், இல்லன்னா அதை விடக் கம்மியா ரொக்கமா வாங்கிக்கலாம், நிறைய குடும்பங்கள் ரொக்கத்தைத்தான் எடுக்கறாங்க. ஜப்பான்ல அதுக்கு அப்புறம் வந்த வருஷங்கள்ல பாத்துக்கற மருமகள்கள் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்து, கணவன், மனைவி, மகன், மகள் பங்கு கூடிருக்கு. வேலை, குடும்ப அளவு எல்லாம் மாறினதும் இதுக்குக் காரணம்தான். ஆனாலும் நூத்துக்கணக்கான வருஷப் பழக்கம்னு நினைச்சது ஒரு தலைமுறைக்குள்ள இவ்வளவு நகர முடியும்னா, கலாச்சாரம்னா மாறவே மாறாதுன்னு பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும்.

சட்டத்தால எல்லாம் முடியும்னும் அர்த்தம் இல்ல. சிங்கப்பூர்ல பெத்தவங்களைப் பராமரிக்கச் சொல்லி 1995-ல சட்டம் போட்டாங்க, சீனாவுல 2013-ல பிள்ளைங்க பெத்தவங்களை அடிக்கடி போய்ப் பாக்கணும்னே சட்டத்துல சேத்தாங்க. காசு அனுப்ப வைக்கலாம், வந்து பாக்க வைக்கலாம். ராத்திரி மூணு மணிக்கு நனைஞ்ச விரிப்பை மாத்தறதுக்கு எந்தச் சட்டமும் ஆள் அனுப்பாது.

கடமைன்னு நினைச்சு செய்யறவங்களுக்கு பாரம் தெரியாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு, டாக்டர்கள்கூட சொல்லுவாங்க, உங்க சமூகத்துல குடும்பப் பாசம் ஜாஸ்தி, உங்களுக்குக் கஷ்டம் தெரியாதுன்னு. இதைப் பல இனத்துக்காரங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணிப் பாத்தவங்களும் கடமை உணர்ச்சி அதிகமா இருக்கறதாலயே பாரம் குறையறதா பெருசா பாக்கல. என் அனுபவத்துலயும் அப்படித்தான், கடமைன்னு நினைக்கறவங்க உதவி கேக்கறதுக்கு ரொம்ப நாள் எடுத்துக்குவாங்க, கேக்க வர்றப்போ முதுகும் போயிருக்கும், ரத்தக்கொதிப்பும் வந்திருக்கும், வாய்விட்டு அழவும் தெரியாது. அரசாங்கங்களுக்கு இது சௌகரியம். அவங்க ஆளுங்க அவங்களே பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டா அந்த மொழியில ஆள் வைக்க வேண்டாம், அந்தப் பகுதியில டே கேர் திறக்க வேண்டாம். அங்க சேவையே இல்லாததால யாரும் வரமாட்டாங்க, யாரும் வராததால தேவை இல்லன்னு எழுதிடுவாங்க.

நான் குடும்பத்தை மொத்தமா உக்கார வெச்சுப் பேசறப்போ ஒரே ஒரு கேள்வி கண்டிப்பா கேப்பேன்: நேத்து ராத்திரி நீங்க எத்தனை தடவை எந்திரிச்சீங்க? ஒவ்வொருத்தரையா கேப்பேன். ஒரு வீட்ல மூத்த மகன் அரை மணி நேரமா பேசிக்கிட்டிருந்தார், அம்மாவை வெளிய விட்டா உலகம் என்ன சொல்லும், அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன், நான் இருக்கற வரைக்கும் நடக்காதுன்னு. எல்லாமே மனசுல இருந்துதான் பேசினார், அதுல சந்தேகம் இல்ல. நான் கேட்டதும் அவர் நான் தூங்கிட்டேன்னார். தம்பி தெரியலன்னார். வெளிநாட்டுல இருந்து போன்ல பேசிக்கிட்டிருந்த பொண்ணு ஒண்ணும் சொல்லல. ஓரமா உக்காந்திருந்த மருமகள் அஞ்சுன்னு சொன்னாங்க. அந்த ஒரு மணி நேரத்துல அவங்க பேசின முதல் வார்த்தை அது. அப்புறம் அந்த மகன் ரொம்ப நேரம் தரையையே பாத்துக்கிட்டிருந்துட்டு, வாரத்துல மூணு நாள் டே கேர்னா அது வாக்கை மீறினதாகுமான்னு கேட்டார். ஆகாதுன்னேன். இப்போ வாரத்துல ரெண்டு ராத்திரி அவரே அம்மா ரூம்ல படுக்கறார்.

வெளிய ஆளை நம்பாம வீட்லயே வெச்சுக்கறதுக்கு சில சமூகங்கள்ட்ட அசைக்க முடியாத காரணமும் உண்டு, அதை அறியாமைன்னு தள்ளிடக் கூடாது. அமெரிக்காவுல டஸ்கிகீங்கற ஊர்ல 1932-ல இருந்து 1972 வரைக்கும் சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து குடுக்காமலே நோய் எப்படி முத்துதுன்னு வேடிக்கை பாத்தாங்க, பென்சிலின் வந்த பிறகும் குடுக்கல. அங்க வயசான கறுப்பினத்தவருக்கு டிமென்ஷியா வர்ற வாய்ப்பு வெள்ளையரை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா ஆராய்ச்சிக்கு வர்றவங்க கம்மி. ஆஸ்திரேலியாவுல, கனடாவுல பழங்குடிக் குழந்தைகளைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு விடுதியில அடைச்சாங்க, அந்தக் குழந்தைகளுக்கு இப்போ எழுபது எண்பது வயசு, வரிசையா கட்டில் போட்ட ஒரு கட்டடத்துக்குத் திரும்பப் போன்னு சொன்னா அவங்க உடம்புல எது முழிக்கும்? நாஜி முகாம்ல இருந்து தப்பிச்ச யூதர்கள்ல சிலர் வயசான காலத்துல டிமென்ஷியா வந்தப்போ ஷவரைப் பாத்து அலறியிருக்காங்க, சீருடை போட்ட ஆளைப் பாத்து ஒளிஞ்சிருக்காங்க, ரொட்டியைத் தலையணைக்கு அடியில பதுக்கியிருக்காங்க. புது நினைவு முதல்ல போகும், பழசு தங்கும், அதனால அறுபது வருஷம் அடக்கி வெச்ச பயம் இன்னைக்கு நடக்கற மாதிரி எழுந்து வரும். இவங்களைப் பாத்துக்கற இடங்கள்ல வேலை செய்யறவங்களுக்கு அந்தச் சரித்திரத்தையே பாடமா சொல்லிக் குடுக்கறாங்க, குளிக்க வெக்கறதுக்கு ஷவரை விட்டுட்டு வேற வழி பாக்கறாங்க.

குளியல்னு சொன்னதும் என் மாமியார் ஞாபகம்தான். முப்பது வருஷம் டீச்சரா இருந்தவங்க, யார் முன்னாடியும் முந்தானை விலகாத மாதிரி வாழ்ந்தவங்க. எனக்கு உடம்பு சரியில்லாத ஒரு வாரம் என் வீட்டுக்காரர்தான் அவங்களைக் குளிப்பாட்டினார், முதல் நாளே மகனோட கையைக் கடிச்சுட்டாங்க. நோய் முத்திடுச்சு, இனிமே மூர்க்கமாத்தான் இருப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் எழுந்து போய்ப் பாத்தேன். தோள்ல ஒண்ணும் இல்லாம ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சு, தலையில தண்ணி ஊத்திக்கிட்டிருந்தார், அவங்களைப் பொறுத்த வரைக்கும் யாரோ ஒரு ஆம்பளை. மறுநாள் ஒரு பெரிய துண்டை நனைச்சு வெதுவெதுப்பா தோள்ல இருந்து முழங்கால் வரைக்கும் போத்திவிட்டோம், துண்டுக்கு உள்ளயே சோப்பு, தண்ணியைக் கால்ல இருந்து ஆரம்பிச்சு மெதுவா மேல கொண்டு போனோம், தலையைக் கடைசிக்கு விட்டுட்டோம். கடிக்கல. குளிப்பாட்டினது அதே மகன்தான். எத்தனை பேரை இந்த மாதிரி மூர்க்கம்னு எழுதி தூங்கற மருந்து குடுத்திருப்பாங்கன்னு நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

மொழியும் இதே மாதிரிதான். பிற்காலத்துல கத்துக்கிட்ட மொழி பல பேருக்கு முதல்ல நழுவும், தாய்மொழி மிஞ்சும். நாப்பது வருஷம் ஒரு நாட்டு மொழியில வேலை பாத்தவர் திடீர்னு அதுல ஒரு வார்த்தையும் புரியாம உக்காந்திருப்பார், ஹோம்ல அவர் பேசற மொழி ஒருத்தருக்கும் தெரியாது, தண்ணி கேட்டாக்கூட கத்தறார்னு குறிச்சு வெப்பாங்க. ரெண்டு மொழி பேசறது மூளைக்கு நல்லதும்தான், ஹைதராபாத்ல 648 நோயாளிகளை வெச்சு 2013-ல வந்த ஆய்வுல ஒரே மொழி பேசினவங்களை விட ரெண்டு மொழிக்காரங்களுக்கு சராசரியா நாலரை வருஷம் தள்ளித்தான் நோய் தெரிய ஆரம்பிச்சிருக்கு, படிக்காதவங்களுக்கும் அந்தப் பலன் இருந்துச்சு. ஆனா நோய் வந்த பிறகு அந்த ரெண்டாவது மொழியை நம்பி ஹோம் தேடாதீங்க. எங்க சேத்தாலும் முதல்ல கேக்க வேண்டியது ராத்திரி ஷிஃப்ட்ல இவங்க மொழி பேசறவங்க இருக்காங்களான்னுதான், பகல்ல பெரும்பாலும் யாராவது இருப்பாங்க. நெதர்லாந்துல ஹோகவெய்க்னு 2009-ல ஒரு டிமென்ஷியா கிராமம் திறந்தாங்க, ஆரம்பத்துல வீடுகளை 7 வகை வாழ்க்கை முறையா பிரிச்சு, ஒரே மாதிரி வாழ்ந்தவங்களை ஒண்ணா வெச்சாங்க, அதுல ஒண்ணு இந்தோனேசியாவோட தொடர்பு இருந்தவங்களுக்குன்னே. இப்போ வகைகளைக் குறைச்சுட்டாங்க, ஆனா யோசனை என்னவோ சரியானது.

கடைசிக் கட்டத்துல வர்ற சண்டை சாப்பாடு. விழுங்க முடியாம போறப்போ வயித்துல டியூப் போடலாமான்னு கேப்பாங்க. முத்தின டிமென்ஷியாவுல டியூப் போடறதால ஆயுசு கூடறதா ஆதாரம் இல்ல, நிமோனியாவையும் தடுக்கறதில்ல, அதனால அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் மாதிரியான அமைப்புகள் டியூப் வேண்டாம், கையால கொஞ்சம் கொஞ்சமா ஊட்டறதே நல்லதுன்னு சொல்றாங்க. இது மருத்துவம். ஆனா குடும்பத்துக்காரங்க காதுல அது 'உங்க அம்மாவைப் பட்டினி போடுங்க'ன்னு விழும். சில மதங்கள்ல சாப்பாடும் தண்ணியும் மருந்துக் கணக்குல வராது, மனுஷனுக்குக் குடுத்தே ஆக வேண்டிய ஒண்ணு, நிறுத்தறது பாவம். அப்படி நம்பறவங்ககிட்ட ஆய்வைப் படிச்சுக் காட்டறதால என்ன பிரயோஜனம்? நான் 'டியூப் வேண்டாம்'ங்கறதுல ஆரம்பிக்கறதே இல்ல, எப்படி ஊட்டறதுன்னுதான் ஆரம்பிப்பேன்: நேரா நிமித்தி உக்கார வைங்க, டீஸ்பூன்ல பாதி, விழுங்கினாங்களான்னு தொண்டையைப் பாருங்க, வாயை மூடிக்கிட்டா நிறுத்திடுங்க, உதடு காய்ஞ்சா ஈரத்துணியால தொட்டு விடுங்க. குடுக்கறதுக்கு ஒரு வழி கையில இருக்குன்னு தெரிஞ்சதும் பல பேர் டியூப் பேச்சை அவங்களே விட்டுடுவாங்க. விடாதவங்களும் உண்டு, அவங்க மதத் தலைவரையும் டாக்டரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சுப் பேசுங்க, அவசரப்படுத்தாதீங்க.

அப்போ நீங்க என்ன பண்ணலாம்னா, நோயாளி இன்னும் பேசற நிலையில இருக்கறப்பவே பேசிடுங்க. ஆர்தர் கிளைன்மன்னு ஹார்வர்ட்ல ஒரு மனநல மருத்துவர், மானிடவியலும் படிச்சவர், நோயாளிகிட்ட இதை நீங்க என்னன்னு சொல்றீங்க, எதனால வந்துச்சுன்னு நினைக்கறீங்க, இதுல எதுக்கு ரொம்ப பயப்படறீங்கன்னு கேக்கச் சொல்லி டாக்டர்களுக்கு 1970-கள்லயே கத்துக்குடுத்தவர். அவரோட மனைவிக்கே வயசாகறதுக்கு முன்னாடியே வர்ற அல்சைமர் வந்துச்சு, பத்து வருஷம் போல குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி அவரே பாத்துக்கிட்டார், 2011-ல அவங்க இறந்தாங்க. அந்த மூணு கேள்வியை உங்க அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ இந்த வாரம் கேளுங்க. கூடவே, உங்களால முடியாதப்போ யார் முடிவு எடுக்கணும், யார் குளிப்பாட்டினா பரவாயில்ல, யார் வேண்டவே வேண்டாம், இதையும். நிறைய பேர் மூத்த மகனைச் சொல்வாங்கன்னு நினைச்சா ரெண்டாவது பொண்ணு பேரைச் சொல்வாங்க. உங்க நாட்டுச் சட்டப்படி அதை எழுதி வைக்க முடியும்னா எழுதிடுங்க.

முடிவு எடுக்கறவர் நீங்களா இருந்தா ஒரு வாரம் முழுசா, ராத்திரியையும் சேத்து, நீங்களே பாத்துக்கிட்டு அப்புறம் முடிவு எடுங்க. பாத்துக்கறவங்க நீங்களா இருந்தா ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறீங்கன்னு ஒரு நோட்ல குறிச்சு வைங்க, கூட்டத்துல பேச வாய் வரலன்னாலும் நோட்டைத் தூக்கி மேஜையில வைக்கலாம்.

அப்புறம் ஒரு பக்கத்துக்கு மேல போகாம அவங்களைப் பத்தி ஒரு தாள் எழுதி வைங்க, டே கேரோ ஆஸ்பத்திரியோ ஹோமோ எங்க போனாலும் அது கூடவே போகணும். நான் என் மாமியாருக்கு எழுதின தாள்ல நோயைப் பத்தி ஒரு வரிதான். மிச்சமெல்லாம் வேற: இடது காது கேக்காது, வலது பக்கம் வந்து பேசுங்க. பேண்ட் சட்டை போட்ட பொண்ணுங்களை ஆபீசர்னு நினைச்சு எழுந்து நிப்பாங்க, உக்காரச் சொல்லுங்க. தோள்ல துண்டு இல்லாம குளிப்பாட்டாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வாசலுக்குப் போவாங்க, ஸ்கூல் விடற நேரம், தடுக்காதீங்க, கூட ஒரு ரவுண்டு நடந்துட்டு கூட்டிட்டு வந்துடுங்க. பாட்டின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க, டீச்சர்னு கூப்பிடுங்க.